ஏழாவது நிபந்தனை

போர்ட் பிளேர்
18 ஜூன் 2024

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் நலமாக வைத்திருக்கட்டும். இங்கே மழை தொடங்கிவிட்டது. நானும் என் கணவரும் நலம்.

நான் யாரென்று உனக்குச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. உன் அம்மா மரியாவின் தங்கை அல்போன்சா. உனக்குச் சித்தி. நீ நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது பெங்களூரை விட்டு வந்தவள். இங்கே ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் ஷில்பா, அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்குப் படம் வரைந்து தருகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். உன் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். பெயரைப் பார்த்தேன். காக்ஸ் டவுன் முகவரியைப் பார்த்தேன். பிறகு 'படம் கேட்பவர்களுக்கு என் நிபந்தனைகள்' என்ற பகுதியைப் பள்ளி பிரிண்டரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு தடவை படித்தேன். பதினொன்றும் நன்றாக இருக்கின்றன. எதுவும் மிரட்டலாக இல்லை, எதுவும் கெஞ்சலாகவும் இல்லை.

நான் உறவுக்காரியாக எழுதவில்லை. படம் கேட்கிறவளாக எழுதுகிறேன். 'போனில் பேச மாட்டேன், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்' என்கிறது மூன்றாவது நிபந்தனை. ஈமெயிலைத்தான் சொல்கிறாய் என்று ஷில்பா சிரித்தாள். ஈமெயில் என்றால் நான் எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருப்பேன். தபால் பெட்டியில் போட்டது போட்டதுதான். அதனால் இப்படி.

இத்துடன் இருப்பது என் கல்யாணப் போட்டோவின் நகல். 9 பிப்ரவரி 2000. சிவாஜிநகர் பக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ் படிக்கட்டில் எடுத்தது. நான், ரகுராம், அவருடைய நண்பர் சுந்தரம், இன்னும் இரண்டு சாட்சிகள். எங்களிடம் இருப்பது இந்த ஒரு படம்தான். வருகிற பிப்ரவரியில் இருபத்தைந்து வருடம் ஆகிறது. இதைப் பெரிதாக வரைந்து தர வேண்டும். வரையும்போது என் வலது பக்கத்தில் என் அக்காவை, உன் அம்மாவை, நிற்க வைக்க வேண்டும். அவள் அன்றைக்கு வரவில்லை.

ஏழாவது நிபந்தனையையும் படித்தேன். அதை என்னால் நிறைவேற்ற முடியாது. நீ கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியாதென்றால் இரண்டாவது நிபந்தனைப்படி நீ காரணம் சொல்ல வேண்டியதில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அல்போன்சா


காக்ஸ் டவுன், பெங்களூர்
2 ஜூலை 2024

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமென்று படித்ததில் நிம்மதி. நாங்களும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் உண்டு. மற்றபடி சென்ற மார்ச்சில் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டைப் பள்ளிக்கூடமாக நடத்திக்கொண்டிருக்கிறார்.

உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். 'உனக்கு ஒரு சித்தி இருக்கா, அந்தமான்ல' என்று அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது அவர் சொன்ன விதத்திலேயே இருந்தது. உங்கள் உறையைப் பார்த்ததும் ஒரு நொடி அம்மாவே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். கையெழுத்து அப்படி இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்த வேலையைத் தொடங்கி ஐந்து வருடமாகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் 'சும்மா ஒரு படம் போட்டுக் கொடேன்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே 'உறவினருக்கும் இதே நிபந்தனைகள்' என்று பத்தாவதாக எழுதினேன். அதைப் படித்தவர்களுக்குக் கோபம் வந்தது. பதினொன்றையும் படித்து, எண் சொல்லி, அவற்றை மதித்து எழுதிய முதல் ஆள் நீங்கள். நான் செய்வது ஒரு வேலை என்று நம் குடும்பத்தில் ஒருவர் நினைக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நேரில் சொல்லியிருந்தால் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். நன்றி, சித்தி.

ஏழாவது நிபந்தனை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் சேர்த்து வரையச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். அதைச் சந்தோஷமாகச் செய்வேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வைட்ஃபீல்டில் ஒருவர், ஊரில் இல்லாத மனைவியைச் சேர்த்து ஒரு குடும்பப் படம் கேட்டார். வரைந்து கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டார். அவர்கள் பிரிந்து வருடமாகிவிட்டதாம். 'நான் விட்டுட்டு வந்த வீட்டுல நீங்க என்னைத் திரும்ப உக்கார வச்சிருக்கீங்க' என்றார். திட்டவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்கு எழுதியது: உயிரோடு இருப்பவரை, அவர் இல்லாத இடத்தில் வரைய வேண்டுமானால், அவர் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டும்.

அம்மாவிடம் கேட்கிறேன். வேலையை ஏற்றுக்கொள்கிறேன். போட்டோ மங்கியிருப்பதால் சில கேள்விகள்: உங்கள் புடவை என்ன நிறம்? அம்மா உங்களைவிட உயரமா? படிக்கட்டு கருங்கல்லா, சிமெண்டா?

உங்கள் கடிதத்தைக் கேட்டிலிருந்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தது அம்மாதான். எதுவும் கேட்கவில்லை. நானாகவே 'ஒரு கஸ்டமர்' என்றேன். அது பொய்யில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ஆஞ்சலா


போர்ட் பிளேர்
20 ஜூலை 2024

அன்புள்ள ஆஞ்சலா கண்ணு,

நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அக்காவின் மூட்டுக்கும் சேர்த்து.

'கண்ணு' என்று எழுதியதற்காகப் பத்தாவது நிபந்தனையைக் காட்டாதே. முன்பணம் அனுப்பிவிட்டேன், ரசீது வேண்டும்.

உன் கேள்விகளுக்கு: புடவை வெங்காயச் சருகு நிறம், மெல்லிய ஜரிகை. படிக்கட்டு கருங்கல். அக்கா என்னைவிட ஒரு விரல் உயரம். நான் அன்றைக்கு ஹீல்ஸ் போட்டிருந்தேன், ஆனாலும் படத்தில் அவள்தான் உயரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. என் பின்னல் கோணலாக இருப்பதைக் கவனித்திருப்பாய். எனக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பதினான்கு. அன்றிலிருந்து இருபது வருடம் எனக்குப் பின்னிவிட்டது அவள்தான். கல்யாணத்தன்று காலையில் சுந்தரம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று முதல் தடவையாக நானே பின்னிக்கொண்டேன். இருபத்தாறு வயசுப் பெண்ணுக்குத் தலை பின்னத் தெரியவில்லையே என்று சுந்தரத்தின் அம்மா கேலி செய்தார். அக்கா என் பக்கத்தில் நிற்கிற மாதிரி வரைந்தால் பின்னலையும் நேராக்கிவிடு. அவள் இருந்திருந்தால் நேராகத்தான் இருந்திருக்கும்.

நான் அவளுக்குக் கடன்பட்டது அதிகம், கண்ணு. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நீ சொன்ன கையெழுத்து அவளுடையது.

கேட்டுவிட்டு எழுது. அவசரமில்லை.

ஆசிகளுடன்,
சித்தி


பெங்களூர்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதமும் முன்பணமும் கிடைத்தன. ரசீது இத்துடன். இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

வேலை நடந்துகொண்டிருக்கிறது. படிக்கட்டையும் சித்தப்பாவையும் பென்சிலில் முடித்துவிட்டேன். சித்தப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். வெங்காயச் சருகு நிறத்துக்காக மூன்று விதமாக வண்ணம் கலந்து பார்த்தேன். கடைசியில் சமையலறையிலிருந்து சருகையே எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் கலந்தேன். மேசையில் எதற்கு வெங்காயத் தோல் என்று அம்மா கேட்டார்.

மழை சாயங்காலம்தோறும் வருகிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
ஆஞ்சலா


போர்ட் பிளேர்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆஞ்சலா,

உங்கள் இருவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். ரகுராமுக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. சட்டைக் காலரைப் பற்றிச் சொன்னேன். 'இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு மானத்த வாங்குறா பாரு' என்றார்.

உன் கடிதத்தில் படிக்கட்டு இருக்கிறது, காலர் இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, மழை இருக்கிறது. ஏழு மட்டும் இல்லை. எனக்குப் புரிகிறது. நானும் இருபத்தைந்து வருடமாக அதைக் கேட்காமல் இருக்கிறவள்தானே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீ சுமக்க வேண்டாம். எங்கள் அப்பா, உன் தாத்தா சின்னப்பா, அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். ரகுராம் நம் மதமில்லை. கல்யாணத்துக்கு வீட்டில் அக்காவை மட்டும்தான் கூப்பிட்டேன். 'பாக்கலாம்' என்றாள். படியில் நின்றுகொண்டு பத்து நிமிடம் போட்டோ எடுக்க விடாமல் இழுத்தடித்தேன், வருவாள் என்று. வரவில்லை. இங்கே வந்த பிறகு அவளுக்கு ஆறு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவளுக்கு என்மேல் கோபம் என்று புரிந்துகொண்டு நிறுத்திவிட்டேன்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அதைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் அவளை வரைந்து மாட்டினால், அது சொல்லும் என்று நினைத்தேன். அவள் முடியாது என்று சொன்னால் போட்டோவில் இருப்பதை மட்டும் வரைந்து அனுப்பு. ஆனால் கேட்டுவிட்டுச் சொல். கேட்காமலே முடியாது என்று நீயே முடிவு செய்துவிடாதே.

ஆசிகளுடன்,
சித்தி


பெங்களூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் என் தவறு. நான் அம்மாவிடம் கேட்கவில்லை. மூன்று மாதமாகக் கேட்கவில்லை. சாப்பிடும்போது கேட்கலாம் என்று நினைப்பேன், சாப்பாடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா ஹெர்பர்ட் இறந்து எட்டு வருடமாகிறது. ஒருவர் மூடி வைத்ததை இன்னொருவர் திறப்பதில்லை என்ற பழக்கத்தில்தான் இந்த வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் படித்ததும், கேட்பதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று பார்ப்போமே என்று தோன்றியது. அம்மாவின் பள்ளி குரூப் போட்டோ ஒன்றை எடுத்து, முகத்தைப் பார்த்து, உங்கள் வலது பக்கத்தில் வரைந்தேன். மாம்பழ நிறப் பட்டுப் புடவை. பின்னலையும் நேராக்கினேன். நான் எழுதிய விதியை நானே மீறினேன். அது போதாதென்று, கப்பன் பூங்காவுக்குப் படம் வரையப் போனபோது அதை மேசைமேல் திறந்து போட்டுவிட்டுப் போனேன். மறதியா, வேண்டுமென்றேயா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது படத்தின்மேல் செய்தித்தாள் விரித்திருந்தது. தூசி படாமல் இருப்பதற்கு அம்மா செய்வது. மூன்றாம் நாள் காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தப் படத்துல தப்பு இருக்கு. நான் பட்டு கட்டல. ஸ்கூலுக்குக் கட்டிட்டுப் போற நீல காட்டன்."

எங்கே கட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"தனியாவும் இல்ல. உன்னக் கையில புடிச்சிட்டிருந்தேன்."

சித்தி, அம்மா வந்திருந்தார். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி இருந்ததாம். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் கண்ணில் படாமல் அதன் வாசல் நிழலில் ஒதுங்கி நின்றிருக்கிறார். நான் அழாமல் இருக்க, தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ரொட்டி ஒரு துண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் படியில் வந்து நின்றது, போட்டோக்காரர் தெருவில் இறங்கி நின்றது, நீங்கள் இழுத்தடித்த பத்து நிமிடம், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பின்னல் கோணலாக இருந்ததையும் சொன்னார். அது போட்டோவில்கூட அவ்வளவாகத் தெரியாது.

ஏன் தாண்டி வரவில்லை என்று கேட்டேன். அந்தக் கல்யாணத்துக்குப் போகிறவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று தாத்தா சொல்லியிருந்தார். அவரைக் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, ஊட்டிவிட வேறு யாரும் இல்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சாயங்காலம் அப்பா கேப்பாருன்னு தெரியும். போனியான்னு கேட்டாரு. போகலன்னேன். ரோட்டத் தாண்டல, அதனால பொய் இல்ல. அதுக்காகத்தான் தாண்டாம நின்னேன். பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னேன். பொய் இல்லம்மான்னு சாமியாரும் சொன்னாரு. எனக்குத்தான் ஆறல."

உங்கள் ஆறு கடிதமும் அம்மாவிடம் இருக்கின்றன. கோபத்தால் பதில் எழுதாமல் இருக்கவில்லை. பதில் எழுதினால் அன்றைக்கு வந்ததை எழுத வேண்டும். வராதவளை நீங்கள் மன்னித்துவிடலாம், எதிரே வந்து நின்றும் தாண்டாதவளை எப்படி மன்னிப்பீர்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரு வருடம் தள்ளிப்போனது, பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நீங்கள் எழுதுவதும் அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். "நான் கை புடிச்சு எழுத வச்ச எழுத்துடி அது. கஸ்டமராம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு முகம் கழுவப் போனார், வெகுநேரம் வரவில்லை.

சம்மதத்தைப் பற்றிக் கேட்டேன். நின்ற இடத்தில் வரைந்தால் சம்மதம், நிற்காத இடத்தில் வரைந்தால் இல்லை என்கிறார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை கேட்டேன்.

அன்புடன்,
ஆஞ்சலா


பெங்களூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நலம்தானே? அவருக்கு இருமல் திரும்ப வந்ததா? ஐந்து வாரமாக உங்களிடமிருந்து எதுவும் இல்லை. கடிதம் தொலைந்திருக்கலாம் என்று தபால் ஆபீசில் விசாரித்தேன். கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள்.

அம்மா எதுவும் கேட்பதில்லை. பதினொரு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். தபால்காரர் வருகிற நேரம் அது. காலையில் ஏற்கெனவே ஊற்றிய செடிகள்தான். இரண்டு தொட்டி அழுகத் தொடங்கிவிட்டன.

கோபமாக இருந்தால் கோபம் என்று எழுதுங்கள். அதையும் அவர் தாங்குவார் என்று நினைக்கிறேன். எதுவும் வராததைத்தான் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும்.

ஆஞ்சலா


போர்ட் பிளேர்
23 நவம்பர் 2024

அன்புள்ள ஆஞ்சலா,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்ததிலிருந்து எட்டுத் தடவை பேனாவை எடுத்தேன். ஈமெயில் என்றால்தான் அழிப்பேன் என்று நினைத்திருந்தேன். காகிதத்தையும் கிழிக்க முடிகிறது.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இரண்டு நாள் நல்ல கோபம். ஒரு தெரு அகலம், கண்ணு. அதைத் தாண்டியிருந்தால் நான் இருபத்தைந்து வருடம் வேறொரு மனுஷியாக இருந்திருப்பேன். ரகுராம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போட்டோவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். 'எல்லாரும் போட்டோக்காரனைப் பாக்குறோம். நீ மட்டும் அவன் தலைக்கு மேல பாத்துட்டு இருக்க' என்றார். நான் தெருவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள். எவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஒரு காலையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன், அது இல்லை.

அவள் வந்தாள். வரவில்லை என்று நினைத்துக்கொண்டே இவ்வளவு நாள் நன்றாகத்தான் வாழ்ந்தேன். வந்தாள் என்று தெரிந்த பிறகு, அந்த நாள் முழுசும் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது. நீ மேசையில் விட்டுப்போனது மறதியோ என்னவோ, ஆண்டவருக்கும் உனக்கும் நன்றி.

இனி வேலை விஷயம். அக்காவை என் வலது பக்கத்தில் வரைய வேண்டாம். நின்ற இடத்தில் வரை. ஐந்தாவது நிபந்தனைப்படி, வரைவுக்குப் பிறகு இப்படி மாற்றினால் அது புதிய வேலை. புதிய வேலையாகவே எடுத்துக்கொள். பின்னல் கோணலாகவே இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
சித்தி


பெங்களூர்
18 டிசம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உங்கள் வீட்டில் சமாதானம் நிறையட்டும். நம் கடிதங்கள் ஒன்றையொன்று கடந்து போய்விட்டன. என் நவம்பர் கடிதத்தின் கடுமைக்கு வருந்துகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அறைக்குள் கொண்டுபோய்ப் படித்தார். வெளியே வந்து, 'ரெண்டு நாள் கோவம்தானா? நான்னா ஒரு மாசம் வச்சிருப்பேன்' என்றார். அன்றைக்கு வாழைக்காய் வறுவல் செய்தார். அது உங்களுக்குப் பிடிக்குமாமே.

புதிய வரைவு இத்துடன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். போட்டோ தெருவிலிருந்து எடுத்தது. அம்மா நின்றது போட்டோக்காரருக்குப் பின்னால். அந்தக் கோணத்தில் எப்படி வரைந்தாலும் அம்மா படத்துக்குள் வர மாட்டார். நான்கு விதமாக முயன்றேன். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போனேன். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. ஆபீஸ் வேறெங்கோ மாறிவிட்டது. படிக்கட்டு மட்டும் இருக்கிறது. அம்மா நின்ற இடத்தைக் காட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் படத்துக்குள் வந்தது: முன்னால் அம்மாவின் முதுகு, நீலப் புடவை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி, நடுவில் தெரு, ஒரு ஆட்டோ, போட்டோக்காரர், அந்தப் பக்கம் படியில் நீங்கள் ஐந்து பேரும். நீங்கள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிக்கல் இதுதான். அம்மாவின் முகம் தெரியாது. நீங்கள் கேட்டது அவர் முகத்தை. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேறு வழி தேடுகிறேன்.

அம்மா இரண்டு திருத்தம் சொன்னார். என் கவுனுக்கு வெள்ளைக் காலர், அதில் தில்பசந்தின் பூரணம் அப்பியிருந்ததாம். இரண்டாவது, ஆட்டோவைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். 'தங்கச்சிய மறைக்குது' என்றார். எந்தப் படத்துக்கும் இரண்டு திருத்தம்தான் என்பது ஆறாவது நிபந்தனை. சரியாக இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

நானும் உங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன் என்பது இன்னும் புதுசாகவே இருக்கிறது. எனக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் வரையும்போது கை தயங்கவில்லை. இந்த வேலையை நீங்கள் எனக்குக் கொடுத்ததற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், தினமும் காலையில் முதலில் இந்தப் படத்தில்தான் உட்காருகிறேன்.

அன்புடன்,
ஆஞ்சலா


போர்ட் பிளேர்
4 ஜனவரி 2025

அன்புள்ள ஆஞ்சலா,

புத்தாண்டு ஆசிகள். நாங்கள் இருவரும் நலம்.

வரைவைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்தோம். சாப்பிட்டது வராந்தாவில். ரகுராம் உன் அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு, 'உங்கக்கா நிக்கிறதே டீச்சர் மாதிரி இருக்கு' என்றார். அப்படியேதான் நிற்பாள். முகம் தேவைப்படவில்லை, எனக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன். வண்ணம் போடு. முகம் வேண்டாம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய முகத்தை நீ ஊகித்து வரைந்து நான் பார்ப்பதைவிட, இப்போது இருக்கிற முகத்தையே பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே கூரியரில் அனுப்பாதே. யாராவது கையில் கொண்டுவந்தால் நல்லது. யார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, கடல் தெரியும், படி ஏற வேண்டியதில்லை. இதை மூட்டுவலி உள்ளவர்கள் யாருக்காவது சொல்.

நன்றி, கண்ணு. மீதிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஆசிகளுடன்,
சித்தி


பெங்களூர்
27 ஜனவரி 2025

அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகம். ஆஞ்சலா சுகம்.

மரியா ஆகிய நான், மேற்படி படத்தில் நான் நின்ற இடத்தில் என்னை வரைவதற்கு முழுமனதோடு சம்மதிக்கிறேன். இதை முதலில் எழுதச் சொன்னாள் என் மகள். எழுதிவிட்டேன். படம் முடிந்த பிறகு சம்மதம் வாங்குகிறாள்.

பிப்ரவரி ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். ஆஞ்சலா டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறதாம், அதனால் வரவில்லையாம். நம்மை முதலில் தனியாக விடுவதற்குச் சொல்கிறாள், எனக்குத் தெரியாதா. படத்தைக் கண்ணாடி போடாமல் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறாள், மடியில் வைத்துக்கொள்ளலாம். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. வாழைக்காய் வறுவலைப் பெட்டியில் வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்களா என்று விசாரித்து எழுது. எழுத நேரமில்லை, விடு, கொண்டுவந்தே பார்க்கிறேன்.

உன் ஆறு கடிதத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் நீ எழுதியிருந்த கடைசி வரி, நலமா என்பது. ஆறுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். அப்போது நலமில்லை. இப்போது நலம்.

நீ விமான நிலையத்துக்கு அலைய வேண்டாம். வெயிலாக இருக்கும், உனக்குப் பள்ளியும் இருக்கும். முகவரி என்னிடம் இருக்கிறது. டாக்சி பிடித்து நானே வந்துவிடுவேன்.

உன் அக்கா,
மரியா

உறையை ஒட்டப் போனேன், மறுபடி பிரித்தேன். டாக்சியில் வருவதாக மேலே எழுதியதைக் கேட்காதே. வா. வாசலிலேயே நில்.